செங்டுவில் சமையல் வகுப்பு: 480 யுவான் போனது, மிளகாய் எண்ணெய் வந்தது

கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். மதியம் 120 சாப்பாடு, ராத்திரி டிபன். 2025 அக்டோபரில் பாத்திரமும் பேக்கிங் சாமானும் பார்க்கலாம் என்று சீனாவில் இருக்கிற குவாங்சோவுக்குப் போனேன். 1957-இலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கிற கேன்டன் ஃபேர் என்ற பெரிய வணிகக் கண்காட்சி அங்கேதான். சமையலறைச் சாமான்கள் வருவது இரண்டாம் கட்டத்தில், அக்டோபர் 23 முதல் 27 வரை. திருப்பூர்க்காரர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி, எனக்கு முதல் தடவை. வேலை முடிந்ததும் நேரே ஊர் திரும்பாமல் 4 நாள் சிச்சுவான் மாகாணத்துச் செங்டுவில் தங்கி, சமையல் கற்றுக்கொண்டு வருவதாகத் திட்டம். காரணம் கொஞ்சம் வேடிக்கைதான். மெஸ்ஸுக்கு எதிரே ஃபாஸ்ட்ஃபுட் வண்டியில் ஷெஸ்வான் ஃபிரைட் ரைஸ் என்று செக்கச்செவேலென்று ஒன்று போடுகிறார்கள். அந்த ஷெஸ்வானும் இந்தச் சிச்சுவானும் ஒரே பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து, அசலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு. கூட வருகிறேன் என்ற தோழி கடைசி வாரத்தில் கழன்றுகொண்டாள். சரி, தனியாகவே போவோம் என்று கிளம்பிவிட்டேன்.

வகுப்பை இங்கிருந்தே இணையத்தில் தேடிப் பிடித்தேன். ஆங்கிலத்தில் பக்கம், அழகழகான படங்கள், ஏப்ரனும் உயரத் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டரை மணி நேரம், 4 பதார்த்தம், 480 யுவான். அன்றைய கணக்கில் யுவானுக்கு 12 ரூபாய் சொச்சம், ஏறக்குறைய ₹6,000. முழுப் பணமும் முன்கூட்டியே, வராவிட்டாலும் தாமதமானாலும் திருப்பித் தர மாட்டோம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. படித்தேன். நான் எதற்குத் தாமதமாகப் போகப் போகிறேன் என்று நினைத்து, அலிபே என்ற சீனப் பணச் செயலியில் கட்டிவிட்டேன். 200 யுவானைத் தாண்டுகிற ஒவ்வொரு கட்டணத்துக்கும் வெளிநாட்டுக் கார்டில் 3 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள் என்பது 14 யுவான் போன பிறகுதான் தெரிந்தது. கார்டு பற்றி இன்னொன்று. நம்மூர் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அடைத்தேதான் வருகிறது, ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதி. அதைத் திறந்துவிட்டு, அலிபேயில் கார்டைச் சேர்க்கிற வேலையை ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஓடிபி நம் சிம்முக்குத்தான் வரும். அங்கே போய் ரோமிங்கில் அதற்காகக் காத்துக்கிடப்பது தலைவலி.

இனிதான் சோதனை. குவாங்சோவிலிருந்து செங்டுவுக்கு உள்நாட்டு விமானம். பாதுகாப்புச் சோதனையில் என் பவர்பேங்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ₹2,200 கொடுத்துப் புதிதாக வாங்கியது. சிசிசி என்ற சீன முத்திரை இல்லாத பவர்பேங்கை உள்நாட்டு விமானங்களில் ஏற்றக் கூடாது என்று 2025 ஜூன் 28 முதல் விதியாம். ஒரு பெரிய டப்பாவைக் காட்டினார் சோதனை செய்த பெண். உள்ளே என்னைப் போன்ற ஏமாளிகளின் பவர்பேங்குகள் மலை மாதிரிக் கிடந்தன. என்னுடையதையும் போட்டுவிட்டு வந்தேன். எரிச்சல்தான், ஆனால் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறப் போகிறீர்கள் என்றால், அங்கேயே ஒரு கடையில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்வது உத்தமம்.

மறுநாள் காலை 10 மணிக்கு வகுப்பு. 8:45-க்கே கிளம்பிவிட்டேன். போன் 41 சதவீதம். ராத்திரி சார்ஜரைச் செருகினேன், அறையின் கார்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டால் பிளக்கிலும் கரண்ட் நின்றுவிடும் என்று தெரியாமல் கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கீழே சாப்பிடப் போய், வந்து அப்படியே தூங்கிவிட்டேன். ரோமிங்கில் போன் சார்ஜைக் குடிக்கிற வேகம் இருக்கிறதே, நம்மூரில் அப்படிப் பார்த்ததே இல்லை. வழி பார்ப்பது, மொழிபெயர்ப்பது, பணம் கட்டுவது, மெட்ரோவில் நுழைவது என்று எல்லாம் அந்த ஒரு போனில்தான். மெட்ரோவில் அலிபேயின் க்யூஆர் குறியீட்டைக் காட்டி உள்ளே போனேன். ஒரு இடத்தில் வண்டி மாறினேன். இறங்க வேண்டிய நிலையத்தில் படியேறி வாயிற்கதவுக்கு முன்னால் போனை எடுத்தால் திரை கறுப்பு. உள்ளே வரக் காட்டிய குறியீட்டையே வெளியே போகவும் காட்ட வேண்டும். காட்ட எதுவும் இல்லை. பின்னால் ஜனம் ஒதுங்கி அடுத்த கதவுக்குப் போகிறது. எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

நிலையத்தில் வாடகை பவர்பேங்க் பெட்டி இருந்தது, சீனாவில் டீக்கடையில்கூட இருக்கும். ஆனால் அதை எடுக்கவும் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும்! செத்த போனை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்ற நேரத்தில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஊழியப் பையனிடம் போனைக் காட்டிக் கையை விரித்தேன். அவன் தன் சொந்த சார்ஜரை எடுத்துச் செருகிவிட்டு, உட்கார் என்று ஸ்டூலைத் தள்ளினான். போன் உயிர் பெற்று, நெட்வொர்க் பிடித்து, அலிபே திறக்க 25 நிமிஷம் ஆனது. கைப்பையில் 100 யுவான் நோட்டு ஒன்று இருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதை நீட்டியிருந்தால் 5 யுவானை எடுத்துக்கொண்டு அப்போதே அனுப்பியிருப்பான். பதற்றத்தில் தோன்றவில்லை. சீனாவில் காசு செல்லாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வாங்க மறுக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது, சில்லறைக்குத்தான் தடுமாறுவார்கள். 10, 20 நோட்டுகளாக 300 யுவான் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தின் முகவரியும் போகிற இடத்தின் முகவரியும் சீன எழுத்தில் ஒரு தாளில் அச்சாகக் கையில் இருக்கட்டும். அன்று என்னிடம் இருந்தது ஆங்கில முகவரி மட்டும், அதுவும் செத்த போனுக்குள்.

வெளியே வந்தும் விடியவில்லை. இடம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வளாகம். சியாவ்சூ என்பார்கள், பத்துப் பதினைந்து கோபுரங்கள் நிற்கும், சுற்றிலும் மதில், மூன்று நான்கு வாசல். நான் போய் நின்றது தெற்கு வாசல். வகுப்பு நடக்கிற கட்டடம் வடக்கு வாசலுக்குப் பக்கம். தெற்கு வாசல், குடியிருப்பவர்களின் முகத்தைப் பார்த்தால்தான் திறக்கும். மதிலைச் சுற்றி நடந்தேன். தூறல் வேறு. அந்த ஊரில் சூரியனைப் பார்த்தால் நாய் குரைக்குமாம், அவ்வளவு அபூர்வம் என்று ஒரு பழமொழியே உண்டு. வடக்கு வாசலைப் பிடித்து, 7-ஆம் கட்டடம், 2-ஆம் படிக்கட்டு, 14-ஆம் மாடி என்று தேடிக் கதவைத் தட்டும்போது மணி 10:55. கூகிள் வரைபடத்தை அங்கே நம்பவே நம்பாதீர்கள், காவ்தே என்ற அவர்களுடைய செயலியை ஊரிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். யார் முகவரி கொடுத்தாலும் எந்த வாசல் என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள்.

கதவைத் திறந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மொழிபெயர்ப்புச் செயலியில் பேசி, போனை என்னிடம் நீட்டினாள். வகுப்பு தொடங்கிவிட்டது, ஓரமாக நின்று பார்க்கலாம், சாப்பிடலாம், பணம் திரும்பக் கிடைக்காது. தப்பு என் மேல்தான், சண்டை போட முகமில்லை. ஒரு ஜெர்மன் தம்பதியும் இரண்டு மாணவிகளும் அடுப்பு முன்னால் நின்றார்கள். ஓரமாக நின்றதில் ஒரு லாபம், நடப்பதை முழுசாகப் பார்க்க முடிந்தது. காய், கறி, இஞ்சி, பூண்டு எல்லாம் முன்பே வெட்டி, ஆளுக்குப் பன்னிரண்டு குட்டிக் கிண்ணமாக அடுக்கியிருந்தது. சாஸ் முன்பே கலக்கியது. ஒன்றைக் கொட்டு என்றால் கொட்டுகிறார்கள், கிளறு என்றால் கிளறுகிறார்கள், தீயை ஏற்றி இறக்குவதுகூட அந்தப் பெண்தான். நடுநடுவே போட்டோ. கத்தியை ஒருவரும் தொடவில்லை. எனக்கு ஒரு தட்டு நீட்டினாள், அதில் பன்றிக்கறி. நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை. சோற்றை மட்டும் ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தேன். லிஃப்டில் இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. பணத்துக்கு மட்டுமில்லை. 120 பேருக்குச் சமைக்கிறவள், ஒரு வீட்டுச் சமையலறை மூலையில் வேண்டாத விருந்தாளி மாதிரி நின்றேனே என்று. டாக்சி, பவர்பேங்க் எல்லாம் சேர்த்து ₹9,000 கிட்டத்தட்டக் காலி.

இதில் நான் கற்றது என்னவென்றால், நேரத்துக்குப் போயிருந்தாலும் அந்த வகுப்பு எனக்கு உதவியிருக்காது. பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்கு அது சரி, ஜெர்மன்காரர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். தொழிலுக்காகவோ, வீட்டில் திரும்பச் செய்யவோ கற்கிறவர்கள் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேட்க வேண்டும். வெட்டுவது யார்? அடுப்புத் தீ யார் கையில்? ஒருவருக்கு ஒரு அடுப்பா, நாலு பேருக்கு ஒன்றா? சந்தைக்குக் கூட்டிப்போவார்களா? இதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் அது போட்டோ வகுப்பு. நாலு பதார்த்தம், ஆறு பதார்த்தம் என்று எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்கிற இடத்தையும் சந்தேகப்படுங்கள். இரண்டரை மணி நேரத்தில் நாலு பதார்த்தம் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க என்னாலேயே முடியாது.

விடுதிக்குத் திரும்பியதும் வரவேற்பில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஜியே என்றாள். ஜியே என்றால் அக்கா. அந்த ஒரு சொல்லுக்கே கண் மறுபடி கலங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன், மெஸ் நடத்துகிறேன் என்பதையும் சொன்னேன். அவளுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. நீங்கள் ஏன் டூரிஸ்ட் வகுப்புக்குப் போனீர்கள், கடை போடுகிறவர்கள் கற்கிற இடத்துக்கல்லவா போக வேண்டும் என்றாள். எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. செங்டுவில் நூடுல்ஸ் கடை, சிற்றுண்டிக் கடை வைக்க நினைப்பவர்களுக்குப் பதார்த்தக் கணக்கில் பயிற்சி தருகிற சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது. அவளே மூன்று இடத்துக்குப் போன் போட்டாள். ஒருவர் ஒப்புக்கொண்டார். மிளகாய் எண்ணெய், மாபோ தோஃபு என்கிற சோயா பனீர்க் குழம்பு, டான்டான் நூடுல்ஸ். இரண்டு அரை நாள், 600 யுவான், முன்பணம் வேண்டாம். கடைசியில் அவருக்கு 200, 200-ஆக மூன்று தடவை கட்டினேன். ஏன் என்று கேட்டார். அந்த 3 சதவீதக் கதையைச் சொன்னதும், உனக்குக் கடை நடத்தத் தெரியும் என்றார்.

ஷிஃபு என்றுதான் அவரைக் கூப்பிட்டேன், நம்மூரில் மாஸ்டர் என்கிற மாதிரி. ஐம்பது வயசுக்கு மேல், சிகரெட் வாசனை, பேச்சு கம்மி. அளவு கேட்டால் எல்லாவற்றுக்கும் ஷிலியாங் என்பார். போன் அதைப் 'பொருத்தமான அளவு' என்று மொழிபெயர்த்தது. புரிந்துவிட்டது, நம் 'உப்பு தேவையான அளவு'தான் அது! அதனால் அளவு கேட்பதை நிறுத்திவிட்டு, அவர் போடப் போடக் கிண்ணத்தைப் பிடுங்கித் தராசில் வைத்து எழுத ஆரம்பித்தேன். முதலில் முறைத்தார், அப்புறம் அவரே நீட்டினார். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று பையில் கொண்டுபோனது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

மாபோ தோஃபுவில் என் மானம் போனது. மாபோ என்றால் அம்மை வடு முகத்துக் கிழவி, அவள் கைப்பக்குவம் என்று பெயர். தோஃபுவைத் துண்டு போட்டு உப்பு வெந்நீரில், தளதளவென்று கொதிக்க விடாமல், சும்மா கிடக்க விட்டோம். பச்சை வாடை போய்க் கொஞ்சம் கெட்டிப்படும், உடையாது. அடுத்து எண்ணெய். அவர்கள் ஊற்றுவது கடுகு இனத்து விதை எண்ணெய், வடக்கத்திக் கடுகெண்ணெய் மாதிரியே நெடி. புகை வரும்வரை காய்ச்சி, நெடி போனதும் ஆற விட வேண்டும். ஆற விட வேண்டும் என்பதுதான் விஷயம். எனக்கோ எண்ணெய் புகைந்தால் கை தானாகத் தாளிக்கப் போகும். தோபான் விழுதை அள்ளி அப்படியே போட்டேன். மொச்சை ஜாதி அவரையும் மிளகாயும் உப்பில் போட்டு மாதக்கணக்கில், நல்ல ரகமென்றால் வருஷக்கணக்கில் வெயிலில் புளிக்கவைத்த விழுது அது, செங்டுவை ஒட்டிய பீசியானில் செய்வதுதான் பேர்போனது. பத்து விநாடியில் கறுத்துவிட்டது. ஷிஃபு ஒன்றும் சொல்லாமல் கேஸை அணைத்தார், சட்டியோடு குப்பையில் கவிழ்த்தார், கழுவி மறுபடி வைத்தார். இரண்டாம் தடவை என் மணிக்கட்டைக் கரண்டியால் தட்டித் தட்டி நிறுத்தினார். சின்னத் தீயில் விழுதைப் புரட்டப் புரட்ட எண்ணெய் மெல்ல மெல்லச் சிவக்கிறது. அந்தச் சிவப்பு இறங்குகிற வரைக்கும் பொறுமை. நம் வத்தக்குழம்பில் எண்ணெய் பிரிந்து வருகிற பதம் மாதிரி, ஆனால் பாதிச் சூட்டில். உப்பு போட வேண்டாம், விழுதிலேயே இருக்கிறது. தோஃபு போட்ட பிறகு கிளறக் கூடாது, கரண்டியின் முதுகால் தள்ள வேண்டும். மாவுக் கரைசலை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாக. மாட்டுக்கறிக்குப் பதில் எனக்குக் காளானைப் பொடியாக அரிந்து போடச் சொன்னார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டே.

மிளகாய் எண்ணெய்க்கு மூன்று ரக மிளகாய்த் தூள் கலந்தார், ஒன்று வாசத்துக்கு, ஒன்று நிறத்துக்கு, ஒன்று காரத்துக்கு. எண்ணெயில் இஞ்சி, வெங்காயத்தாள், பட்டை, சோம்பு போட்டு வாசம் இறக்கி வடித்தார். அதே எண்ணெயை மூன்று சூட்டில் மூன்று தவணையாகத் தூள் மேல் ஊற்றினார். முதல் ஊற்று சீறும், கடைசி ஊற்று சத்தமே வராது. ஊற்றி முடித்ததும் மூடிவைத்து, நாளைக்கு வா என்றார். ராத்திரி ஊறாத எண்ணெயை விற்கிறவன் கடைக்காரனே இல்லையாம். இரண்டு நாள் வகுப்பு எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. முதல் வகுப்பில் இதே மிளகாய் எண்ணெய் ஒரு குட்டிக் கிண்ணத்தில் தயாராக இருந்தது.

ஹுவாஜியாவ் என்கிற அந்த ஊர் மிளகை ஒன்று எடுத்து மென்று பார் என்றார். மிளகு என்று சொல்லக் கூடாது, நம் மிளகுக்கும் இதற்கும் சொந்தமில்லை. கொங்கணப் பக்கம் மீன் குழம்பில் போடுகிற திர்ஃபலுக்குத்தான் இது பங்காளி. கறுப்பு விதையை எறிந்துவிட்டு மேல்தோலை மட்டும் வறுத்துப் பொடிக்கிறார்கள். முதலில் எலுமிச்சைத் தோல் மாதிரி, அப்புறம் நாக்கு மரத்து, உதடு தனியாக அதிர்கிறது. லண்டனில் ஆராய்ந்து பார்த்து, அந்த அதிர்வு விநாடிக்கு 50 தடவை என்று 2013-இல் எழுதியிருக்கிறார்கள். நம் வீட்டுக் கரண்டும் 50தான். முதல் தடவை கால் டீஸ்பூன் பொடிக்கு மேல் போகாதீர்கள். நான் போனேன், ஒரு மணி நேரம் உப்பு, காரம் எதுவும் தெரியவில்லை, ருசி பார்த்து எழுதியிருந்த குறிப்பெல்லாம் வீண்.

மறுநாள் டான்டான். டான் என்றால் தோளில் போடுகிற கம்பு, காவடி மாதிரி. இரண்டு முனையிலும் அடுப்பும் நூடுல்ஸுமாகத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்றிருக்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் சோயா, வினிகர், ஊறின மிளகாய் எண்ணெய், ஹுவாஜியாவ் பொடி, மேலே வெந்த நூடுல்ஸ், அதற்கு மேல் வதக்கின கறியும் யாசாய் என்ற கீரை ஊறுகாயும். செய்வது சுலபம், ஆனால் முதல் நாள் எண்ணெய் சரியில்லை என்றால் எதுவும் நிற்காது. ஆறு கிண்ணம் கலந்தேன். ஆறாவதை அவர் முழுசாகச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே ரோ, அதாவது கறி என்று மொட்டையாகச் சொன்னால் பன்றிதான். மாடு வேண்டாம் என்று சொன்னால் பன்றியைப் போட்டு உபசரிப்பார்கள். நியூரோ மாடு, ஜூரோ பன்றி, இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள், பன்றிக் கொழுப்பில் வதக்குவதையும் கேளுங்கள். சைவம் என்றால் 'வொ ச்சிர் சூ' என்று சொன்னால் புரியும், ஆனால் கோழித் தூள் போட்டால் சைவம் கெட்டுவிடும் என்று பலருக்குத் தோன்றாது. முழுச் சைவர்களுக்குச் செங்டுவில் வென்ஷு புத்த மடாலயத்துச் சாப்பாட்டுக்கூடம் நிம்மதி, கோதுமையிலும் சோயாவிலும் கறி மாதிரியே செய்து போடுகிறார்கள்.

தோபான் விழுதைக் கைப்பையில் எடுத்துப்போனால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள், 100 மில்லி கணக்கில் விழுதும் சேர்த்தி. செக்-இன் பெட்டியில் வைத்தேன், இரண்டு உறை போட்டுத்தான். ஒன்று கசிந்து, சிங்கப்பூர் வழியாக வீடு வந்து சேர்வதற்குள் வெள்ளைக் குர்தா ஒன்று செங்கல் நிறமாகிவிட்டது. மூன்று உறை போடுங்கள், உலோக மூடி டப்பா வேண்டாம்.

வந்த மறுநாள் மெஸ் மாஸ்டரிடம் ஒரு ஹுவாஜியாவைக் கொடுத்து மெல்லச் சொன்னேன். மென்றார். ஒரு நிமிஷம் பேசவில்லை. "அக்கா, பல்லு டாக்டர் ஊசி போட்டாப்ல இருக்குதுங்க, இதையப் போயி காசு குடுத்தா வாங்கினீங்க?" என்றார். சனிக்கிழமை ராத்திரி டிபனுக்கு அந்த மிளகாய் எண்ணெயை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வைத்தேன், ஹுவாஜியாவ் இல்லாமல். டப்பா காலி. மறுவாரம் ஒரு சிட்டிகை போட்டு வைத்தேன். மூன்று பேர் வாய் மரத்துப்போச்சு என்று சண்டைக்கு வந்தார்கள், ஒரு பையன் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கா அக்கா என்று டம்ளரை நீட்டினான்.